நாலு மூலைப் பொட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஸ்ரீரங்கன் கூப்பிட்டனுப்பினார். கருணாகரன் கையிலிருந்த ஒயரை அப்படியே போட்டுவிட்டுப் போனான். எம்.டி.யின் அறைக்கு அவன் போவது வருஷத்தில் இரண்டு தரம். ஒன்று, பிரிண்டர் வேலை செய்யாதபோது. இன்னொன்று, அது மறுபடியும் வேலை செய்யாதபோது.

ஸ்ரீரங்கன் மயிலாப்பூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது இன்னும் கொஞ்சம் தணியும்.

"உக்காருங்கோ" என்றார்.

கருணாகரன் உட்காரவில்லை. அவரும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்திருந்தாரே நம்ம அமெரிக்காக்காரர், ஏர்போர்ட் கார் வர்ற வரைக்கும் ரிசப்ஷன்ல உக்காந்துண்டு லேப்டாப்பைத் திறந்திருக்கார். ஒயர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நம்ம சர்வர் அவர் மடியில வந்து நின்னிருக்கு. அவா கம்பெனி சாஃப்ட்வேர் முழுக்க அதுல. தெருவில போறவன்கூட எடுத்துண்டு போலாம்னு எழுதியிருக்கார்."

அது தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்த கம்பெனி. எழுபது பேர். ஒயர் இல்லாமல் காற்றிலேயே நெட்வொர்க் இழுக்கும் கார்டுகளை ஓர் அமெரிக்கக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை இங்கே எழுதினார்கள். கார்டுகளும், அவற்றுக்கு நெட்வொர்க்கைப் பரப்பும் பெட்டிகளும் இரண்டாம் மாடி லேபை விட்டு வெளியே வரக் கூடாது, ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேரவே கூடாது என்பது ஒப்பந்தம். 1999இல் சென்னையில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். லேபில் ஆறு இருக்க வேண்டும். அன்று காலை எண்ணியபோது ஐந்துதான் இருந்தது. லேப் சாவி பதினைந்து பேரிடம் இருந்தது. பதினான்கு பேர் என்ஜினீயர்கள். பதினைந்தாவது கருணாகரன்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு பெங்களூர்லேர்ந்து திரும்பி வரார். அவர் முன்னாடி பெட்டியும் இருக்கணும், வெச்சவனும் இருக்கணும். ஆள் கெடைக்கலேன்னா, நெட்வொர்க்குக்கு யார் பொறுப்போ அவர் பேரைச் சொல்லிடுவேன். புரியறதா?"

புரிந்தது. நெட்வொர்க்குக்குப் பொறுப்பு கருணாகரன். டிப்ளமோ படித்தவன். சாத்தூரிலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த மாமா, ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனைக் கடை வாசலில் நிறுத்தி "வாங்கம்மா, வாங்கக்கா" என்று கத்தச் சொல்லியிருந்தார். எட்டு மாதம் கத்தினான். தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள் அங்கிருந்து கிளம்பியவன்தான். இந்த வேலை போனால் அந்த வாசல் அங்கேயே இருக்கிறது. மாமா இப்போதும் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "உன் எடத்துல இன்னும் யாரையும் போடலடா."

லேபில் அவனுக்குப் பெயர் கேபிள். "கேபிளைக் கூப்பிடு." "கேபிள் சாப்பிடப் போயிருக்கு." நேரில்கூட அப்படித்தான்.

ஒயர் வழியாகத் தேட முடியவில்லை. ஒயர்கள் வந்து சேரும் ஹப்புகளில் எண்பது பச்சை விளக்குகள் மினுக்கின. எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிய சீட்டுகளில் பாதி உதிர்ந்து போயிருந்தன. அதை மறுபடி ஒட்ட வேண்டியவனும் அவன்தான். ஆகவே நடந்து தேடினான். லேபிலிருந்து ஒரு லேப்டாப்பை வாங்கி அதன் பக்கவாட்டில் கார்டைச் செருகினான். சிக்னல் எவ்வளவு என்று திரையில் ஓர் எண் வரும். பெட்டியை நெருங்க நெருங்க எண் ஏறும். கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, பத்தடிக்கு ஒரு தரம் நின்று எண்ணையும் மணியையும் குறித்தான். அது அவன் வழக்கம். எதைச் செய்தாலும் மணி போட்டு எழுதுவான்.

ரிசப்ஷனில் நாற்பத்தொன்று. மாடிப்படியில் ஏற ஏற ஐம்பத்தாறு, எழுபது. முதல் மாடியில் படி முடியும் இடத்தில், சுவரோரம் சரஸ்வதி படம் மாட்டிய பூஜைப் பலகை. அங்கே தொண்ணூற்றொன்று. இரண்டடி தள்ளினால் எண்பத்தேழு. திரும்பி வந்தால் தொண்ணூற்றொன்று.

தேவானை தரை துடைத்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு ஆபீஸைத் திறப்பவள் அவள்தான். கண்ணம்மாபேட்டையிலிருந்து நடந்தே வருவாள். லேபைத் தவிர எல்லா அறைகளின் சாவியும் அவள் இடுப்பில் இருக்கும்.

"ஏணியை எடுத்துட்டு வா" என்றான்.

கொண்டுவந்தாள். "ஜாக்கிரத சார். கால் ஆடுது."

"பிடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். அவன் ஏறி, சரஸ்வதியின் தலைக்கு நேர் மேலே இருந்த பொய்க்கூரைப் பலகையைத் தூக்கினான். உள்ளே இருந்தது. ஒரு பச்சை விளக்கு, இரண்டு குட்டி ஆன்டெனா. சாமி படத்துச் சீரியல் பல்புக்கு இழுத்த கரண்டிலிருந்தே அதற்கும் கரண்ட். பெட்டியின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, சந்தனத்தின் நடுவில் கடுகளவு குங்குமம்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

போன வாரம்தான் ஆயுத பூஜை. அவரவர் மெஷினுக்கு அவரவர் பொட்டு வைக்க வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். கருணாகரன் மூன்று விரலால் விபூதிப் பட்டை போடுவான். பூஜை அன்று மட்டுமல்ல, தினமும் காலையில் தன் கேபிள் அறையில் சர்வருக்கு, ஹப்புகளுக்கு, யு.பி.எஸ்.ஸுக்கு எல்லாம் பட்டை போட்டுவிட்டுத்தான் உட்காருவான். மற்றவர்கள் திரையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்கள். நாலு மூலையிலும் வைத்தவன் ஒருவன்தான். லேபே சிரித்தது. "என்னடா, மானிட்டருக்குக் கல்யாணமா?" என்றார்கள். "எங்காத்துல புதுசு எதுவானாலும் நாலு மூலைதான்" என்றான் நிரஞ்சன், பதினான்கு என்ஜினீயர்களில் ஒருவன்.

ஊருக்கெல்லாம் ஒளித்து வைத்த பெட்டியை, பூஜை நாளில் பொட்டில்லாமல் விட அவனுக்கு மனசு வரவில்லை.

"இன்னா சார் கீது மேல?" என்றாள் தேவானை.

"ஒண்ணுமில்ல. எலிப் புழுக்கை."

"எலியா? அப்ப பொறி வெக்கணும் சார்."

பலகையை மூடி இறங்கினான். வரைபடத்தில் பூஜைப் பலகை இருந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் எழுதினான்: திங்கள், 11.40. கீழே தன் சுருக்கொப்பம்.

ஸ்ரீரங்கனின் அறை கீழே. லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி மாடிப்படியில் இரண்டு படி இறங்கியும்விட்டான். அப்போது மேலே லேப் கதவைத் திறந்து நிரஞ்சனே எட்டிப் பார்த்தான். பின்னால் நாலைந்து தலைகள்.

"என்ன கேபிள், குழந்தையைத் தூக்கிண்டு எங்க சுத்தறே? தூங்கித்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நிரஞ்சன்தான் அதிகம் சிரித்தான்.

கருணாகரன் நின்றான். இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நன்றி என்று ஸ்ரீரங்கன் சொல்வார், அல்லது சொல்ல மாட்டார். மறுநாள் பிரிண்டர் கெடும்.

"இன்னும் இல்ல" என்றான். "தேடறேன். மூணு நாள் இருக்கே."

மத்தியானம் நிரஞ்சனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். தண்ணித் தொட்டி நிழலில் நின்றார்கள்.

"நாலு மூலையிலயும் பொட்டு அழகா வெச்சிருக்கே" என்றான்.

நிரஞ்சனின் முகத்தில் முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உதடு மட்டும் வெளுத்தது. இருபத்தாறு வயசு. டிசம்பரில் அமெரிக்கா போக வேண்டியவன். அங்கிருந்தே அவனைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

"கருணா, ப்ளீஸ்."

"சார்னு சொல்லு."

"சார். நான் எதையும் வெளிய எடுக்கல சார். சாயங்காலம் இங்க வந்து உக்காந்துண்டு ஸ்நேஹாவோட லேப்டாப்ல பேசுவேன், அவ்வளவுதான். நியூ ஜெர்சில இருக்கா. தையில கல்யாணம். லேப்ல எல்லாரும் முதுகுக்குப் பின்னாடி நின்னு படிக்கறா. அதுக்காகத்தான் சார். வர வெள்ளிக்கிழமை கழட்டிடலாம்னு இருந்தேன்."

"விசா பேப்பர் எம்.டி. கிட்டயா இருக்கு?"

"ஆமாம்."

"அது இல்லேன்னா கல்யாணம்?"

நிரஞ்சன் கையைக் கூப்பினான்.

"வியாழக்கிழமை வரைக்கும் யோசிக்கிறேன்" என்றான் கருணாகரன். "அதுவரைக்கும் அந்தப் பச்சை விளக்கு எரியணும். அணைஞ்சா அந்த நிமிஷமே கீழ போய்ச் சொல்லிடுவேன். ஏணி என் ரூம்ல பூட்டியிருக்கும். நாளையிலேர்ந்து லேப்டாப்பை நீ தூக்கு. எனக்குக் கை வலிக்குது."

செவ்வாய்க்கிழமை நிரஞ்சன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கருணாகரன் பின்னால் பென்சிலோடு வந்தான். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் நிரஞ்சனை மண்டியிட்டுப் பார்க்கச் சொன்னான். "சரியாப் பாரு. ஓரத்துல பாரு." அவன் நண்பர்கள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். கக்கூஸ்களில் பார்த்தார்கள். ஜெனரேட்டர் கொட்டகையில் பார்த்தார்கள். ஒரே மேஜையை இரண்டு தரம் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் நிரஞ்சனின் பேன்ட் முட்டியில் கறுத்துவிட்டது. லேபில் யாரும் கேபிள் என்று சொல்லவில்லை. கருணாகரன் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. ஒருத்தி எழுந்து நாற்காலி போட்டாள். ஐந்து வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. அவன் அதில் உட்கார்ந்து, வேண்டுமென்றே பத்து நிமிஷம் எதையும் எழுதாமல் இருந்தான்.

சாயங்காலம் ஒரு நோட்டீஸ் அடித்துக் கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்டினான். வெளியே போகும் எல்லோர் பையும் சோதிக்கப்படும். விதிவிலக்கு இல்லை.

ஐந்தரை மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். என்ஜினீயர்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். அவன் எட்டிப் பார்த்து அனுப்பினான். கடைசியில் தேவானை வந்தாள். ஒயர்க்கூடை. வரிசையில் நின்று முடித்தவர்களும் போகாமல் வேடிக்கை பார்த்தார்கள். கருணாகரன் கூடையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான்.

ஒரு பழைய துண்டு. ஒரு மாத்திரை அட்டை. கேன்டீனில் மிஞ்சிய எலுமிச்சம் சாதம், பாலித்தீன் பையில். ஆபீஸ் வாஷ்பேசினில் தேய்ந்த சோப்பு ஒன்று, பச்சை நிறம். அதை அவன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"இது யார் வீட்டு சோப்பு?"

"தேஞ்சு பூட்ச்சு சார். புச்சு வெச்சிட்டேன். தூக்கிப் போடறதுதான அது."

"தூக்கிப் போட்டது குப்பைத் தொட்டியில இருக்கும். உன் கூடையில எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. நிரஞ்சன் சிரிக்கவில்லை. கருணாகரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நிரஞ்சனும் சிரித்தான்.

"போ. எடுத்துக்க."

பாலித்தீன் பை கவிழ்த்ததில் கிழிந்து, சாதம் தரையெல்லாம் சிந்தியிருந்தது. தேவானை துண்டையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டாள். சோப்பை எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய்த் துடைப்பம் கொண்டுவந்து சாதத்தைப் பெருக்கினாள். அந்தத் தரையைப் பெருக்குவதும் அவள் வேலைதான். முந்தின நாள் தனக்கு ஏணி பிடித்தவள் அவள் என்பது கருணாகரனின் நினைவிலேயே இல்லை.

புதன்கிழமை காலை நிரஞ்சன் டீ வாங்கி வந்தான். சர்க்கரை போதவில்லை என்று கருணாகரன் திருப்பி அனுப்பினான். மறுபடி வாங்கி வந்தான். ஆறிப்போயிற்று என்றான். மூன்றாவது டீயைக் குடித்துவிட்டுக் கேபிள் அறைக் கதவைச் சாத்தினான்.

"அந்தப் பொண்ணு என்ன எழுதுவா?"

"சார்?"

"படிச்சுக் காட்டு. ரெண்டு போதும்."

நிரஞ்சன் லேப்டாப்பில் தன் மெயிலைத் திறந்தான். பிறகு படித்தான். முதல் கடிதத்தில் அங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், உங்களுக்கும் ஒன்று, அளவு தெரியாததால் கடையில் நின்ற ஒரு ஆளை உங்கள் உயரம் என்று நினைத்துக்கொண்டேன் என்று இருந்தது. இரண்டாவதில் அவன் குரலைத் தாழ்த்தினான். கருணாகரன் உரக்கப் படிக்கச் சொன்னான். உரக்கப் படித்தான்.

"நாளைக்கு நாலு மணிக்கு" என்றான் கருணாகரன், "நீதான் லேப்டாப்பைத் தூக்கிட்டு முன்னாடி நடக்கணும். எம்.டி. வருவார், வெள்ளைக்காரர் வருவார், லேப் மொத்தமும் வரும். உன் பெட்டிகிட்ட நீயே எங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"யோசிக்கறேன்னு சொன்னீங்களே சார்."

"யோசிச்சுட்டேன்."

நிரஞ்சன் அழவில்லை. அது கருணாகரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நிரஞ்சன் எழுந்து, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தாழ்வாரத்தில் தேவானை வாளியோடு நின்றிருந்தாள். கதவு மெல்லிய பிளைவுட். கிளாஸை அவள் கையில் கொடுத்தான். அவள் அவன் முட்டியில் இருந்த கறையைப் பார்த்துவிட்டுக் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை கருணாகரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டரைக்கே வந்தான். கேபிள் அறை அவன் பூட்டினபடி பூட்டியிருந்தது. ஏணி மூலையில் நின்றது. தரை ஈரமாக, தினமும் போல ஃபினாயில் மணத்தது. விபூதிப் பொட்டலத்தைத் திறந்து சர்வருக்கு, ஹப்புகளுக்கு, யு.பி.எஸ்.ஸுக்குப் பட்டை போட்டான். பழைய ஒயர்கள் கிடக்கும் இரும்பு பீரோவைத் திறக்கவில்லை. திறக்க வேலை இல்லை. லேப்டாப்பை எடுத்து ஒரு தரம் அளந்து பார்க்கவும் இல்லை. அவனுக்குத்தான் இடம் தெரியுமே.

நாலு மணிக்கு அமெரிக்காக்காரர் வந்தார். சிவந்த மனிதர், அதிகம் பேசாதவர். ஸ்ரீரங்கன் அவரை மாடிப்படிக்கு அழைத்து வந்தார். பின்னால் லேப் மொத்தமும் படிகளில் நின்றது. நிரஞ்சன் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றான். கருணாகரன் ஏணியைச் சாய்த்தான். யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. தானே ஏறி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பலகையைத் தூக்கினான்.

தூசி இருந்தது. தூசியின் நடுவில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

கையை உள்ளே விட்டுத் துழாவினான். இடது பக்கம் துழாவினான். ஏணி ஆடியது.

"என்ன கருணாகரன்?" என்றார் ஸ்ரீரங்கன்.

"சார், இங்க முப்பத்தஞ்சுதான் காட்டறது" என்றான் நிரஞ்சன் கீழிருந்து. குரல் பணிவாக இருந்தது. "கீழ போனா ஏறும் போல இருக்கு. பார்க்கலாமா சார்?"

கருணாகரன் ஏணியில் நிற்கும்போதே எல்லோரும் படியிறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவன் கடைசியில் இறங்கி ஓடினான். ரிசப்ஷனில் ஐம்பது என்றான் நிரஞ்சன். கேன்டீன் வாசலில் எழுபத்திரண்டு. கேபிள் அறை வாசலில் நின்று, எண்ணைச் சொல்லாமல் திரையை அமெரிக்காக்காரர் பக்கம் திருப்பினான்.

"சாவி" என்றார் ஸ்ரீரங்கன்.

கருணாகரன் திறந்தான். நிரஞ்சன் நேராக பீரோவுக்குப் போகவில்லை. சர்வர் பக்கம் போனான், ஜன்னல் பக்கம் போனான், ஒவ்வோர் இடத்திலும் நின்று எண்ணைச் சொன்னான். இரண்டு நாள் கருணாகரன் அவனுக்குக் கற்றுக்கொடுத்த அதே நடை. பிறகு பீரோ. கீழ்த்தட்டில் பழைய ஒயர்ச் சுருளுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியின் மேல் மூன்று பட்டை விபூதி.

அமெரிக்காக்காரர் அந்த வெள்ளைக் கோடுகள் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். புனிதச் சாம்பல், இவர் தன் மெஷின்களுக்கெல்லாம் தினமும் போடுவார் என்று ஸ்ரீரங்கன் ஆங்கிலத்தில் விளக்கினார். அமெரிக்காக்காரர் சர்வரைப் பார்த்தார். மூன்று பட்டை. ஹப்பைப் பார்த்தார். மூன்று பட்டை. தலையாட்டினார்.

"சார், இது நிரஞ்சன் வெச்சது!" என்றான் கருணாகரன். "மேல இருந்துச்சு சார். நாலு மூலையிலயும் பொட்டு இருந்துச்சு. அழிச்சுட்டு விபூதி பூசியிருக்கான்."

"எப்போ பார்த்தேள்?"

வாய் முந்திக்கொண்டது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கையில் அத்தாட்சி இருந்தது. சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்து நீட்டினான். "இதோ சார். பெருக்கல் குறி. மணிகூடப் போட்டிருக்கேன். என் கையெழுத்து."

ஸ்ரீரங்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"திங்கட்கிழமை. பதினொண்ணு நாப்பது." கண்ணாடியைக் கழற்றினார். "திங்கட்கிழமை கெடச்ச பெட்டிக்கு, செவ்வாய்க்கிழமை எல்லார் பையையும் ஏன் சோதிச்சேள்?"

யாரோ பின்னால் மூக்கால் சிரித்தார்கள்.

"தேவானையைக் கேளுங்க சார்! அவதான் ஏணி பிடிச்சா. அவளுக்குத் தெரியும்."

தேவானையைக் கூப்பிட்டார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"திங்கட்கிழமை இவருக்கு ஏணி பிடிச்சியாம்மா?"

"ஆமா சார். புடிச்சிக்கினுதான் இருந்தேன்."

"மேல என்ன இருந்தது?"

"நான் எங்க சார் பாத்தேன்? கீழ நின்னுகினு இருந்தேன். இன்னா சார் கீதுன்னேன். ஒண்ணுமில்ல, எலிப் புழுக்கைன்னாரு." அவள் கருணாகரனைப் பார்க்கவில்லை. "நான் பொறிகூட வெச்சிட்டேன் சார்."

இந்தத் தரம் சிரிப்பை யாரும் அடக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வியாழக்கிழமை காலையைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. கருணாகரன் அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். காலையில் தரை ஈரமாக இருந்தது நினைவுக்கு வந்தது.

"சார், இந்த ரூம் சாவி இவகிட்டயும் இருக்கு!"

"ஓகோ. மூணு பட்டையும் தேவானை பூசினாளா?"

"அந்த மூலையைப் பாருங்க சார். சந்தனம் ஒட்டிட்டிருக்கு. சரியாத் தொடைக்கல."

ஸ்ரீரங்கன் பெட்டியைக் கையில் எடுத்தார். ஒரு மூலையில் மிளகளவு சந்தனம் இருக்கத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். போன வாரம் லேபில் நாலு மூலைப் பொட்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். நிரஞ்சனைப் பார்த்தார். டிசம்பரில் போக வேண்டியவன், அவர்களே கேட்டிருக்கும் ஆள். பிறகு கட்டைவிரலால் அந்த மூலையை ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

"தூசி" என்றார்.

விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வது போலப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். குரல் இன்னும் தணிந்தது.

"பெட்டியும் இருக்கணும், வெச்சவனும் இருக்கணும்னு சொன்னேன். ரெண்டும் ஒரே ரூம்ல. சொன்ன நேரத்துக்கு. நல்ல வேலை கருணாகரன். இன்னிக்கோட போறும்."

எல்லோரும் கலைந்தார்கள். நிரஞ்சன் லேப்டாப்பை மேஜை மேல் மெதுவாக வைத்து, கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கருணாகரன் அவன் கையைப் பிடித்தான்.

"நீயாவது சொல்லு. எம்.டி. கிட்ட நீ சொல்லு."

நிரஞ்சன் கையை விடுவித்துக்கொண்டான். முட்டியைக் குனிந்து ஒரு தட்டுத் தட்டினான்.

"என்ன சொல்லணும், கேபிள்?"

ஐந்தரை மணிக்குக் கருணாகரன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். ரங்கநாதன் தெரு அங்கிருந்து நடக்கிற தூரம். கடை வாசலில் அவன் இடம் காலியாகத்தான் இருக்கும். தீபாவளிக் கூட்டம் தொடங்கியிருக்கும், குரல் போதாது என்று மாமா சொல்லிக்கொண்டிருப்பார்.

வாசலில் வரிசை நின்றது. சுவரில் அவன் நோட்டீஸ், அவன் கையெழுத்து. சோதிக்கும் மேஜைக்குப் பின்னால் தேவானை நின்றாள். ஸ்ரீரங்கன் அவளை நிறுத்தியிருந்தார். மற்றவர்கள் திறந்து காட்டினார்கள், அவள் எட்டிப் பார்த்து அனுப்பினாள். அனுப்பியும் ஒருவரும் போகவில்லை.

அவன் பையை அவள் வாங்கினாள். ஜிப்பை முழுக்கத் திறந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள்.

டிபன் பாக்ஸ் உருண்டு சுவரோரம் போய் நின்றது. சீப்பு. ஒரு துவாலை. சாத்தூர் பஸ்ஸின் பழைய டிக்கெட். விபூதிப் பொட்டலம் பிரிந்து தரையில் வெள்ளையாகக் கொட்டியது. அவள் சிரிக்கவில்லை. பையின் உள்ளே கைவிட்டு, மூலைகளில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நிதானமாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பையை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் நின்றான். யாராவது குனிவார்கள் என்று நினைத்தது போல ஒரு கணம் சுற்றிலும் பார்த்தான். யாரும் குனியவில்லை. சலவைச் சட்டையோடு மண்டியிட்டான். முதலில் சீப்பை எடுத்தான்.

தேவானை உள்ளே போய் வாளியைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"சீக்கிரம் பொறுக்கிக்கினு கெளம்பு சார்" என்றாள். "தரை தொடைக்கணும்."